வாசலில் என் குரல்

பல வருடங்களுக்கு முன், நாடகத்தின் நடுவே சத்தமாகச் சிரித்த ஒரு சிறுவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டேன். நான் அப்போது தஞ்சாவூரில் ஓர் அரங்கத்தின் செயலாளர்.

போன மாதம் நீடாமங்கலம் பேருந்தில் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஒரு மரக்கா நெல்லு குடுத்தாலும் உள்ள விடுறாங்களாம்க்கா."

"நாடகத்துக்கா? அரிசி மில்லு வச்சிருக்காங்களா?"

"சின்னக் குழுக்கா. இருக்குறதக் குடுத்தாப் போதுமாம். லைட்டக்கூட முழுசா அணைக்க மாட்டாங்களாம். நம்ம செல்வம் மாதிரி புள்ளைங்க நடக்கலாம், கத்தலாம்."

"அன்னிக்கும் தஞ்சாவூருக்கு அவன ஆசையாத்தான் கூட்டிட்டுப் போனேன். வெள்ளச் சட்டை போட்ட செயலாளரு இழுத்து வெளிய விட்டாரு. இன்னும் வெள்ளச் சட்டையப் பாத்தா ஒளிஞ்சுக்குறான்."

"இங்க யாரும் வெரட்ட மாட்டாங்க. ஞாயித்துக்கெழம வாங்க."

மறுநாள் விசாரித்து அந்தக் குழுவிடம் போய், வருகிறவர்களை வரவேற்கும் வேலையைக் கேட்டு வாங்கினேன். ஞாயிறன்று நீலச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த அம்மா வந்தார். கூட வந்த மகன் என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தான்.

"உள்ளே வாங்க" என்றேன். குரலைக் கேட்டதும் அவன் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தான்.

அதன்பின் நான் அங்கே போகவில்லை. அடுத்த ஞாயிறு இருவரும் வந்து கடைசிவரை இருந்தார்களாம். நடுவே அவன் சத்தமாகச் சிரித்தானாம்.