வசனம் இல்லாத வேஷம்

இல்லல்ல, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காரு. நானா? என்னால உக்கார முடியாது, நடந்துக்கிட்டே பேசுறேன். நீ எந்த வருஷம் பொறந்த? ரெண்டாயிரத்து ஒண்ணா? அப்ப நான் அக்கா. பேரு துய் வான்.

நடிப்புத் தேர்வுக்கு வர்றது முதல் தடவையா? நான் எட்டு வருஷமா இந்த பெர்லின்ல அலையுறேன். மூணு தடவ நெயில் பார்லர்காரி, ரெண்டு தடவ கள்ள சிகரெட் விக்கிறவ, ஒரு தடவ பொணம். பொணம்தான் எனக்குப் புடிச்ச வேஷம். அதுகிட்ட மட்டும் எந்த ஊருன்னு யாரும் கேக்கல.

சிரிக்காத. நான் இதே ஜெர்மனில லைப்சிக்ல பொறந்தவ, வாயத் தொறந்தா அந்த ஊரு ஜெர்மன்தான் வரும். முதல் தேர்வுல அப்படித்தான் பேசினேன். டைரக்டர் நல்லாருக்கு, ஆனா நம்புற மாதிரி இல்ல, வியட்நாம்லேருந்து வந்தவ தட்டுத்தடுமாறி ஜெர்மன் பேசுற மாதிரி பேசுன்னாரு. வியட்நாமுக்கு நான் போனதே ரெண்டு தடவ! சின்ன வயசுல டிவில அப்படிப் பேசுறத பாத்துட்டுப் பசங்க என்கிட்ட வந்து பேசிக் காட்டுவாங்க. அதுக்குப் பயந்தே எங்கம்மாவ ஸ்கூல் வாசலுக்கு வரவிட மாட்டேன். இப்ப நெனச்சாலும் காது சுடுது.

கதவு தொறந்துச்சா? இல்லையா. சரி.

அப்புறம் கத்துக்கிட்டேன், நல்லாவே. கடைசி எழுத்தெல்லாம் முழுங்கி, போன எடுத்ததும் வணக்கத்த ரெண்டு தடவ சொல்லி... லைட்மேன் வரைக்கும் சிரிச்சாங்க. அந்த வேஷம் டிவில வந்த அன்னிக்கு அம்மா பூக்கடையச் சீக்கிரமே சாத்திட்டு, கோயில்ல பழக்கமான அத்தைங்க ஆறு பேரக் கூப்பிட்டு, நெம்னு எங்க சுருள் பலகாரம் பொரிச்சு வச்சாங்க. அத்தைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அம்மா மட்டும் நெம் தட்டோட அப்படியே நின்னுட்டாங்க.

எங்க கத்துக்கிட்டேனா? கடையிலதான். அம்மா போன் பேசுறத ஒரு வாரம் அவங்களுக்குத் தெரியாம பதிவு பண்ணேன்.

அம்மாவுக்கு என்கிட்ட கோபமெல்லாம் இல்ல. வியட்நாமியத்துல நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா அன்னிலேருந்து கடையில போன் அடிச்சா எடுக்குறதில்ல. ஆள் வந்தா பூவ விரலால காட்டுறாங்க, சிரிக்கிறாங்க, அவ்வளவுதான். முப்பத்தஞ்சு வருஷம் ஜெர்மன் பேசிப் பொழச்ச பொம்பள. நெனச்சா வெக்கமா இருக்கு எனக்கு.

இன்னிக்கு என்ன வேஷமா? கடைக்கார அம்மா. வசனமே கிடையாது, சும்மா சிரிக்கணும், விரல் நீட்டணும். பேசாம நடிக்கிறது கஷ்டமாச்சே, வருமான்னு போன்ல கேட்டாங்க.

வரும்னுட்டேன். நேத்து லைப்சிக் போயி, கடையில ஒரு மணி நேரம் நின்னு பாத்துட்டுத்தான் வர்றேன்.