எண்ணெய்த் துணி

மச்சினி: உள்ள வர மாட்டேன் அத்தான். வாசல்லயே நின்னு கேட்டுட்டுப் போறேன். ராத்திரி பட்டறை எரிஞ்சதுக்கு நான்தான் காரணம்னு சொன்னீங்களா, இல்லையா?

கடைசல்காரர்: மெதுவாப் பேசும்மா... உங்கக்கா காதுல விழும்.

மச்சினி: விழட்டும்! இனிமே வேலைக்கு வர வேண்டாம்னு இப்ப நான் வர்ற வழியில அவளை விட்டுத்தானே போன்ல சொல்ல வெச்சீங்க?

கடைசல்காரர்: கூடையில எண்ணெய்த் துணி சுருட்டிக் கிடந்திருக்கு. அதுவாவே சூடேறிப் பத்திக்கிச்சு... மெழுகு பூசுறது நீதானே?

மச்சினி: நல்லா இருக்கே நியாயம்! பதினோரு வருஷமா ஆளிவிதை எண்ணெயையும் தேன்மெழுகையும் எங்க வீட்டு அடுப்புல உருக்கி, நீங்க கடைஞ்ச மரக்கிண்ணத்துக்கெல்லாம் பூசுறேன். ஒரு துணியைச் சுருட்டிப் போட்டிருப்பேனா?

கடைசல்காரர்: மறதி எல்லாருக்கும்...

மச்சினி: எனக்கு வராது! தொடைச்ச துணியை விரிச்சுக் காயப்போடணும்னு உங்களுக்கே சொன்னது நான். பின்பக்கம் போய்ப் பாருங்க. என் துணி மூணும் கொடியில தொங்கும்.

கடைசல்காரர்: பார்த்தேன்.

மச்சினி: பார்த்துட்டுமா சொன்னீங்க?

கடைசல்காரர்: நாலாவதா ஒண்ணு...

மச்சினி: நான் நாலு மணிக்கே கிளம்பிட்டேன். அப்புறம் யார் இருந்தா?

கடைசல்காரர்: யாருமில்ல.

மச்சினி: என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

கடைசல்காரர்: யாருமில்லங்கிறேன்ல! ஏன் போலீஸ் மாதிரி குடையற?

மச்சினி: குடையத்தான் செய்வேன். பட்டறையைக் கொளுத்தினவள்னு பேர் வாங்கிட்டு இனி எந்தப் படி ஏறுவேன்? வயித்தெரிச்சலா இருக்கு அத்தான்! எனக்கும் மானம் ரோஷம் இல்லையா?

கடைசல்காரர்: உள்ள வாம்மா, உக்காந்து பேசலாம்.

மச்சினி: மாட்டேன். யாருன்னு சொல்லுங்க.

கடைசல்காரர்: என் பொண்ணும்மா... சாயங்காலம் அவளா ஒரு கிண்ணத்துக்குப் பூசிப் பார்த்திருக்கா. தெரியாமச் சுருட்டிப் போட்டுட்டா. பட்டறையை அவகிட்ட விடப் போறேன்னு போன மாசம்தான் ஊரெல்லாம் சொன்னேன். அதுக்குள்ள கொளுத்திட்டாள்னு தெரிஞ்சா எவன் அவளை நம்பி ஆர்டர் குடுப்பான்? நீன்னா... நம்ம வீட்டு ஆளு, பொறுத்துப்பேன்னு...

மச்சினி: தெரியும். விடிஞ்சதும் விடியாததுமா 'சித்தி'ன்னு ஓடி வந்து என் மடியில விழுந்து அழுதுட்டா. "நீ வாயைத் திறக்காதே, நான்தான் சுருட்டிப் போட்டேன்னு உங்கப்பாகிட்டச் சொல்லிடறேன்"னு அவளைத் தேத்திட்டுத்தான் கிளம்பினேன். அதைச் சொல்லத்தான் வந்துட்டிருந்தேன் அத்தான்... வழியில எதிர்ப் பட்டறைக்காரர் நிறுத்தி, நீங்க அதையே முன்னாடியே சொல்லிட்டீங்கன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?