ஒரே வால் உள்ள வார்த்தைகள்

காமினி: …இல்லீங்க, 'ஓல்ட்' வாலு நேத்தே முடிச்சாச்சு. புதுசு கொடுங்க.

யுகேந்திரன்: அப்போ இன்னைக்கு ஐ, ஜி, எச், டி. எல்லாம் 'ஐட்'னு முடியும். நடுவுல ஜி-யும் எச்-சும் சும்மா நிக்கும். வாயத் தொறக்காது.

காமினி: நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி.

யுகேந்திரன்: ஆரம்பிச்சிட்டியா… சரி, 'டைட்'. 'சிட் டைட்'னா?

காமினி: இருக்கிற எடத்துலயே பொறுமையா இரு, அவசரப்பட்டு எழுந்து ஓடாதேன்னு அர்த்தம்.

யுகேந்திரன்: புக்குல உள்ளது போதாது. ஒன் வார்டுல இருந்து ஒண்ணு சொல்லு.

காமினி: நேத்து ஒருத்தர ஆபரேஷனுக்குத் தள்ளிக்கிட்டுப் போனோம். அவரு சம்சாரம் நாக்காலிய விட்டு அசையல. 'நீங்க போய் சாப்பிடுங்கம்மா'ன்னேன். 'அவரு வாயால வந்து சொல்லட்டும், அப்புறம் சாப்பிடுறேன்'னாங்க.

யுகேந்திரன்: நல்லா இருக்கு.

ஹுஸ்னா: தம்பிக்கு கோப்பி, தங்கச்சிக்கு பால் போடாத தே ஓ, சீனி கொறைச்சு. சரிதானே? ஏம்மா, டூட்டி முடிஞ்சு நர்சு உடுப்பு கூட மாத்தாம வந்து உக்காந்துடுற. இந்த சூலியா தெரு கடை சத்தத்துல எப்படிலா படிப்பு ஏறுது?

காமினி: வீட்டுல புள்ள யாஷ்வினி விட மாட்டாளே ஹுஸ்னாக்கா. புக்கத் தொறந்தா அதுமேலயே ஏறி உக்காந்துக்குறா. இங்க வந்தாத்தான் இவரும் வாத்தியாரா இருப்பாரு. வீட்டுல மாமியாருக்கு மவன்.

ஹுஸ்னா: ஹா… நல்லா சொன்னே. போன தடவ தங்கச்சிக்கு இங்கிலீஷ் பரீட்சை கொஞ்சத்துலதான் போச்சுன்னியே தம்பி?

யுகேந்திரன்: ஆமாக்கா… எழுத்துப் பகுதியில.

ஹுஸ்னா: இந்த சனிக்கிழம போகாது. நீ பாரு. தங்கச்சிய வேலைக்கு எடுக்கப்போற அயர்லாந்து ஆஸ்பத்திரிக்காரன் குடுத்து வச்சவன்.

யுகேந்திரன்: அக்கா… கல்லாவுல ஆளு நிக்குது.

ஹுஸ்னா: நிக்கட்டும். இந்தா, போறேன்.

காமினி: ஏன் அவங்கள வெரட்டுறீங்க?

யுகேந்திரன்: நேரம் ஆவுதுலா. அடுத்தது. 'மேக் லைட் ஆஃப்'.

காமினி: பெரிய விஷயத்த ஒண்ணுமே இல்லாத மாதிரி பேசுறது. போன தடவ ரிசல்ட்டு சொன்னப்ப நீங்க பேசுனீங்களே. 'பரவாயில்ல காமினி, இன்னொரு தடவ எழுதிக்கலாம்'னு. அது மாதிரி.

யுகேந்திரன்: …என்னைய எதுக்கு உதாரணத்துக்கு இழுக்குற?

காமினி: நீங்கதானே எதிர்ல உக்காந்திருக்கீங்க.

யுகேந்திரன்: 'ட்ராவல் லைட்'.

காமினி: பாரமில்லாம பயணம் போறது.

யுகேந்திரன்: உதாரணம்?

காமினி: அது எனக்கு வராதுங்க. வேற கேளுங்க.

யுகேந்திரன்: 'அவுட் ஆஃப் சைட், அவுட் ஆஃப் மைண்ட்'.

காமினி: கண்ணுல படலேன்னா மனசுலயும் இருக்காது.

யுகேந்திரன்: அப்படியா?

காமினி: அர்த்தத்தக் கேக்குறீங்களா, உண்மையான்னு கேக்குறீங்களா?

யுகேந்திரன்: …அர்த்தம்தான்.

காமினி: அர்த்தம் அதான். ஆனா அப்படியெல்லாம் இல்லீங்க. நைட் டூட்டியில புள்ள படத்த எத்தன தடவ எடுத்துப் பாக்குறேன்னு என் கூட வேல செய்றவங்களக் கேளுங்க. சிரிப்பாங்க.

யுகேந்திரன்: அது ஒரு ராத்திரி காமினி. இது ரெண்டு வருஷம்லா. திரும்பி வரும்போது புள்ள ஒன்னை 'ஆன்ட்டி'ன்னு கூப்பிட்டா?

காமினி: அதுக்குத்தான் அப்பா இருக்காரு. தெனமும் என்னைப் பத்திச் சொல்லிக் குடுப்பாரு… குடுப்பாருல்ல?

யுகேந்திரன்: …அடுத்தது 'ஃப்ளைட்'.

ஹுஸ்னா: தங்கச்சி, சொல்ல மறந்துட்டேன் பாரு! வியாழக்கிழம தர்காவுல பாத்திஹா ஓதி வேண்டச் சொல்லியிருக்கேன், ஒன் பேரச் சொல்லி. சீனி, பழம் எல்லாம் நானே எடுத்துட்டுப் போறேன். தம்பி, நீயும் வந்து பக்கத்துல நில்லு.

யுகேந்திரன்: வேணாங்கா.

ஹுஸ்னா: ஏன், உங்க ஆளுங்க எத்தன பேரு வந்து கும்பிடுறாங்க!

யுகேந்திரன்: அதுக்கில்லக்கா… இந்தப் பரீட்சைக்காக ஓத வேணாம்.

ஹுஸ்னா: வாயக் கழுவு தம்பி. நேந்துக்கிட்டத நிறுத்தச் சொல்றியா? ஒங்க ரெண்டு பேரையும் தெனமும் பாக்குறேன். எந்தப் புருஷன் இப்படி உக்காந்து சொல்லிக் குடுக்குறான்? அந்த நல்ல மனசுக்காகத்தான் நேந்துக்கிட்டேன். …ஐயோ, ரொட்டி தீயுது. வரேன்.

காமினி: 'ரைட்' இன்னும் கேக்கல நீங்க.

யுகேந்திரன்: காமினி…

காமினி: கேளுங்க.

யுகேந்திரன்: சனிக்கிழம பரீட்சையே இல்ல.

காமினி: சொல்லுங்க.

யுகேந்திரன்: நான் பதியவே இல்ல. போன தடவையே நீ பாஸு. கரண்டு பில்லு, தண்ணி பில்லு, யாஷ்வினி போற தடிக்கா பாலர் பள்ளி… எல்லாத்துக்கும் என் இமெயிலத்தானே போடுவோம். அதே பழக்கத்துல ஒன் பரீட்சைக்கும் போட்டேன். ரிசல்ட்டு எனக்குத்தான் வந்துச்சு. ஒங்கிட்ட சொல்லத்தான் மாடிப்படி ஏறி ஓடி வந்தேன். நீ புள்ளைக்குத் தல பின்னிக்கிட்டு இருந்தே. அவ ஒன் முட்டிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னா… 'மார்க்கு பத்தல'ன்னு வந்துருச்சு வாயில.

காமினி: வந்துருச்சு.

யுகேந்திரன்: பயம்லா. போனா திரும்ப மாட்டியோன்னு பயம். மறுநாளு சொல்லலாம்னு பாத்தா, நீயே புக்கத் தூக்கிக்கிட்டு வந்து நிக்குற. பாஸானவளுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன். சனிக்கிழம என்ன பொய் சொல்றதுன்னு கூட யோசிக்கல. அந்தக்கா சாமிகிட்ட கேக்கப் போறேங்குது… தாங்கல எனக்கு. திட்டு. ஏதாச்சும் பேசேன்.

காமினி: எனக்குத் தெரியும்.

யுகேந்திரன்: …என்னது?

காமினி: ரிசல்ட்டு நேரா வேல ஏஜென்ட்டுக்கும் போகுமாம். செபராங் ஜெயா ஏஜென்ட் ஆபீசுல இருந்து ஷாஹிரா போன மாசமே கூப்பிட்டு வாழ்த்து சொன்னா. மொதல்ல வேற யாருக்கோ சொல்றாளோன்னு நெனச்சேன். என் மார்க்கச் சொன்னப்பதான் புரிஞ்சுச்சு.

யுகேந்திரன்: தெரிஞ்சுமா… தெனமும் இங்க வந்து உக்காந்தே?

காமினி: உக்காந்தேன். இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு. வீட்டுக்குப் போயி குளிக்கிற ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

யுகேந்திரன்: மன்னிச்சிரு காமினி… ஏஜென்ட்டுக்கு என்ன பதில் சொன்னே?

காமினி: இன்னும் சொல்லல. நாளைக்குக் காலையிலதான் கடைசிக் கெடு.

யுகேந்திரன்: எனக்காக வேணாம்னு மட்டும் சொல்லிடாதே. நான் செஞ்ச காரியத்துக்கு நீ ஏன்…

காமினி: வேணாம்னு சொல்லத்தாங்க இருந்தேன். உண்மைய மறைக்கிற ஆளுகிட்ட புள்ளைய விட்டுட்டு எப்படிப் போறது? இன்னைக்கும் நீங்க வாயத் தொறக்கலேன்னா, போகாம இங்கயே இருந்துருவேன்னு முடிவு பண்ணித்தான் வந்தேன்… இப்ப சொல்லிட்டீங்களே. இனி உங்கள நம்பி புள்ளைய விட்டுட்டுப் போவேன்.