பவுடர் பூசிய இன்ஜின்

தையல் மெஷினுக்கு வாரம் ஒரு முறை எண்ணெய் விட வேண்டும். ஒரு சின்னக் குப்பி எனக்கு ஆறு மாதம் வரும். இந்த வருஷம் ஒரே மாதத்தில் நான்கு குப்பி தீர்ந்தது. அதைத்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்: அவருடைய கார் இன்ஜினை நான் தொட்டதில்லை.

அவர் என்றால் என் கணவர் ஹபீபுர் ரஹ்மான். ஷூ கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம், ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று லென்ஸ் வைத்து எண்ணிய மனிதர். போன வருஷம் ரிட்டயர் ஆனார். லென்ஸும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

மந்தைவெளியில், மாடி வீட்டு முன்னறையில் இருபது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அளவு கொடுக்க வந்த சரோஜாதேவி மேடத்திடம், "கழுத்துக்கிட்ட பதினொரு தையல்தான் இருக்கு, பன்னெண்டு வரணும். நானா இருந்தா ரிஜெக்ட் பண்ணிருப்பேன்" என்றார். மேடம் இப்போது தி. நகரில் தைக்கக் கொடுக்கிறார். ஒரே மாதத்தில் ஆறு பேர் போனார்கள்.

என்னைக் காப்பாற்றியது என் மாமனாரின் பழைய கார். 1961 மாடல். அடியில் எண்ணெய் சொட்டியது. மெக்கானிக் கபாலியை வரவழைத்து, காலை முதல் மாலை வரை இவரும் காருக்கடியில் படுத்துக் கிடந்தார். மேலே என் மெஷின் நிம்மதியாக ஓடியது. போனவர்களில் நான்கு பேர் திரும்பினார்கள்.

மூன்றாம் வாரம் கபாலி, எண்ணெய் கசியாமல் அடைக்கிற பேக்கிங்கை மாற்றினார். "முட்ச்சாச்சு பாய். இனிமே ஒரு சொட்டு வராது."

அன்று சாயங்காலமே நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது.

மறுநாள் விடியற்காலை அவர் பஜ்ர் தொழுகைக்குப் போயிருந்தபோது, காருக்கடியில் விரித்திருந்த அட்டையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டேன். கபாலி வடித்து வைத்திருந்த பழைய எண்ணெய்தான். அது தீர்ந்ததும் மெஷின் எண்ணெய். தினமும் விட்டேன். அவருக்கும் பொழுது போயிற்று, பிரஷர் குறைந்தது. டாக்டரே பாராட்டினார்.

ஒரு நாள் கபாலி மாடிக்கு வந்தார். "அக்கா, மூஞ்சி பவுடர் குடு. இன்ஜினத் தொடச்சிட்டுப் பூசி ஓட்டுனா, எண்ண வர்ற எடம் கறுப்பாக் காட்டிக் குட்த்துடும்."

என் டப்பாவையே கொடுத்தேன். மறுநாள் காலையில், பழக்க தோஷம், வழக்கம்போல ஒரு ஸ்பூன் விட்டுவிட்டேன்.

இன்ஜின் கல்யாணப்பெண் முகம்போல வெள்ளையாக இருந்தது. அட்டையில் எண்ணெய். கபாலி விரலால் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்தார். இன்ஜின் எண்ணெயின் கறுப்பே இல்லை, தண்ணீர் மாதிரி தெளிவு. பிறகு பால்கனியில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, எங்கேர்ந்து வருது?" என்றார் என் கணவர்.

"இன்ஜின்ல ஒண்ணும் இல்ல பாய். வண்டி ரெடி. ஒரு ரவுண்டு போய்ட்டு வா."

பவுடர் டப்பாவைத் திருப்பித் தரும்போது கபாலி கேட்டார்: "மெஷினுக்கு எண்ண மிச்சம் கீதாக்கா?" நான் பாபினில் நூல் சுற்ற ஆரம்பித்தேன். "பயப்படாத. என் வூட்டுக்காரி ஜாக்கெட்டு உன்கிட்டதான் கீது. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து திருவான்மியூர் பீச் வரை ஓட்டிப் பார்ப்பதாக அவர் சொன்னார். சனிக்கிழமை முதல் வீட்டில்தான் இருப்பாராம். என்னிடம் ஒரு கல்யாண ஆர்டர், பதினெட்டு ஜாக்கெட் இருந்தது. லென்ஸ் மேஜைமேல் தயாராக இருந்தது.

கார் அடையாறு பாலத்தில் நின்றது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆட்டோவில் வந்தார்.

"சொட்டு எண்ண இல்லாம இன்ஜின் ஜாம் ஆயிட்ச்சு பாய். முழுசாப் பிரிக்கணும். ஆறு மாசம் ஆவும்" என்றார் கபாலி. என் கணவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை எங்கள் நிக்காஹ் அன்றுகூட நான் பார்க்கவில்லை.

ஆகவே முதலில் குறித்துக்கொண்டதில் ஒரு சின்னத் திருத்தம். இன்ஜினை ஒரே ஒரு முறை தொட்டேன். அடியில் எண்ணெய் வடிக்கிற போல்ட்டை மட்டும், இரண்டு சுற்று. எல்லாம் அவர் உடம்புக்காகத்தான். இனிமேல் செய்ய மாட்டேன். கபாலியின் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் என் தையல் பெட்டியில், பாபின்களுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.