ஏழாம் தொகுதியின் குப்பிகள்

வேலையில் என்னைச் சோம்பேறி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆய்வகத்துக்கு முதலில் வந்து விளக்குப் போடுபவன் நான்தான். ஏழாம் தொகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன் ஐயா, ஆனால் வரிசையாகச் சொல்ல விடுங்கள். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பிருக்காது.

நாங்கள் செய்வது தடுப்பூசிக்கான நுண்துகள். உடம்பில் தானாகக் கரைந்துபோகும் பொருளில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் செய்து, மருந்தை அவற்றுக்குள் அடைப்போம். உருண்டை சின்னதாக இருந்தால்தான் உடம்பின் காவல் செல்கள் விழுங்கும், எதிர்ப்புச் சக்தி வளரும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் ஊசி குத்திய இடத்திலேயே கிடக்கும். வெறும் தண்ணீரை ஊசியாகப் போட்டுக்கொண்டது மாதிரிதான்.

உருண்டைகளை உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து உலர்த்தும் இயந்திரத்தின் மூடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஒவ்வொரு தடவையும் அதைத் துடைத்துவிட்டு மூட வேண்டும். ஏழாம் தொகுதியை வைத்த அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று துடைக்காமல் மூடிவிட்டேன். ஒரு தூசி இருந்தால் போதும், காற்று உள்ளே போய்விடும். திறந்து பார்த்தபோது மாவு போல இருக்க வேண்டியது ஈரச் சர்க்கரை போலக் குப்பிகளின் அடியில் அப்பிக் கிடந்தது. மூன்று மாத உழைப்பு. எங்கள் தலைவர் திட்டுகிற ஆள் இல்லை. “பரவாயில்லப்பா, மறுபடி செய்யலாம்” என்றிருப்பார். அந்தப் ‘பரவாயில்ல’வைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அளவு பார்க்கும் கருவியில் வைப்பதற்கு முன், மாதிரியை ஒலி அதிர்வுத் தொட்டியில் பத்து நிமிடம் வைத்தேன். அந்தக் குலுக்கலில் கட்டிகள் கொஞ்ச நேரத்துக்குப் பிரிந்து நிற்கும். கருவி அழகான எண்ணைக் காட்டியது. கருவி காட்டியதைத்தான் எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தொகுதியைப் போட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஆட்கள் வேண்டும் என்றதும் முதலில் கை நீட்டியவள் என் அக்கா. தொற்றுநோய் மருத்துவமனையில் நர்ஸ். “என் தம்பி செஞ்ச மருந்து” என்று வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். ஆறாவது வாரம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பட்டியலில் அவளுடைய எண் எது என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணுக்கு நேரே எதிர்ப்புச் சக்தி ஒன்றுமே இல்லை. அன்று மாலையே ஃபோன் செய்தாள்.

“எனக்கு வந்திருக்காடா?”

“நல்லா வந்திருக்குக்கா.”

“அப்பாடா. அப்போ அந்த நோய்க்காரங்க தனி வார்டை நானே பாத்துக்கறேன். மத்தவங்க எல்லாம் பிள்ளைக்காரிங்க, பாவம்.”

வேண்டாம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். “பாத்து இருக்கா” என்று மட்டும் சொன்னேன். பத்தொன்பதாவது நாள் அதே வார்டில் நோயாளியாகச் சேர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அதை நினைத்தால் எனக்கு என் முகத்தைக் கழுவக்கூடக் கூசுகிறது.

அக்காவின் சாவைப் பற்றி விசாரிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது அத்தானைப் பற்றி. அதே மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். போன வாரம் எங்கள் ஊசி அறைக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அவ போட்டுக்கிட்டதையே எனக்கும் போடச் சொல்லு மச்சான். அவ நேரம் அப்படி. உன் மருந்து மேல எனக்குச் சந்தேகமே இல்ல.”

ஏழாம் தொகுதியில் மிச்சமிருந்த குப்பியை நானே எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரே. ஊசி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்று காலையும் வண்டி எடுத்திருக்கிறார், முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.

அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் ஐயா. மனைவியைப் பறிகொடுத்த மனுஷன். அவர் மனம் நோகக் கூடாதே என்றுதான் நான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.