கவிட்டு வைக்காத பேணி

…என்னண்டு அண்ணை தண்ணி மனிசனைக் கொல்லும்? நஞ்சோ அது? சொல்லுங்கோ பாப்பம். தண்ணி! பச்சைத் தண்ணி! அதுக்குள்ளை விழுந்து செத்தவையை எனக்குத் தெரியும். அதைக் குடிச்சுச் செத்தவன் ஆர்? இந்த நெடுந்தீவிலை ஒருத்தன்ரை பேரைச் சொல்லட்டும், நான் என்ரை காதை அறுத்துத் தாறன். எங்கடை மனிசன் சாகேல்லை. அதை முதல்லை விளங்கிக்கொள்ளுங்கோ. சாகப் பாத்தவர், அவ்வளவுதான்.

இருங்கோ, இருங்கோ... உந்தக் கதிரைக்கு ஒரு கால் கட்டை, இஞ்சாலை இருங்கோ. குறிகட்டுவானிலையிருந்து வள்ளத்திலை வாறதெண்டால் குடல் வாய்க்கு வந்திடும், பேந்து இந்த வெய்யிலுக்கை நடை வேறை. இந்தாங்கோ, முதல்லை தண்ணியைக் குடியுங்கோ. அண்ணாந்து, பேணியின்ரை மூக்காலை ஊத்துங்கோ... ஆ, அப்பிடித்தான். எப்பிடி? இனிக்குதோ? இனிக்கும்! எனக்குத் தெரியும். தாங்கோ பேணியை, இன்னும் கொஞ்சம் ஊத்துறன்.

நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டும் எனக்குத் தெரியும் அண்ணை. மாப்பிள்ளையின்ரை தாய்மாமன் வேலணையிலையிருந்து கடல் கடந்து காத்து வாங்கவே வாறவர்? வெளியாலை சொல்லுறது பொம்பிளையை ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு. உள்ளுக்கை கிணத்தைப் பாக்க. பாருங்கோ! நல்லாப் பாருங்கோ! அந்தா, வேம்புக்குக் கீழை நிக்குது. சீதனமா என்ரை பிள்ளைக்கு இந்த வளவும் அந்தக் கிணறும்தான். கையிலை கழுத்திலை பெரிசா ஒண்டும் இல்லை, நான் மறைக்கேல்லை. ஆனால் இந்தத் தீவிலை நல்லதண்ணிக் கிணறு வைச்சிருக்கிற வீடு எத்தினை? மிச்சமெல்லாம் உவர். மாடு குடிச்சாலும் முகத்தைச் சுழிக்கும்.

குடியுங்கோ, குடியுங்கோ. கதைச்சுக்கொண்டு கையிலை வைச்சிருந்தால் சூடாயிடும்.

இப்ப ஊரிலை என்ன கதை? இந்தப் பார்வதிப்பிள்ளை வீட்டுத் தண்ணியைக் குடிச்சுத்தான் என்ரை மனிசன் தம்பிராசா விழுந்தவர் எண்டு. அந்தக் கதை வேலணைக்கும் வந்திட்டுது. கதைக்கென்ன, அது வள்ளத்துக்கு ரிக்கற் எடுக்கத் தேவையில்லைத்தானே! போன வரியம் ஒரு சம்பந்தம் உந்தக் கதையோடை நிண்டது. சாதகம் பொருந்தி, நாளும் பாத்து... 'கிணத்திலை ஏதோ பிழையாமே' எண்டு ஒரு சொல்லு. அவ்வளவுதான். என்ரை பெட்டை ரெண்டு நாள் கிணத்தடியிலை குந்தியிருந்து ஒரே சட்டியைத் தேய்ச்சுக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு வெந்துபோச்சு அண்ணை.

இந்தமுறை... மெல்லமாச் சொல்லுறன், கதவுக்குப் பின்னாலைதான் நிக்கிறாள்... உங்கடை மருமோன்ரை படத்தைத் தலகணிக்குக் கீழை வைச்சிருக்கிறாள். நான் காணாத மாதிரிப் பாய் சுருட்டுறன். மீனலோசனி! குடம் வெறுங்குடமாப் போச்சு, நிறைச்சுக்கொண்டு வா பிள்ளை!

எல்லாத்துக்கும் காரணம் உந்த அரியநாயகத்தார். அடுத்த வளவுக்காரன். கொழும்பிலை கடை வைச்சிருந்தவர். கலவரத்திலை எரிச்சுப்போட்டாங்கள். உடுத்த சாறத்தோடை கப்பலேறி வந்தவர், பாவம். நானும் அழுதனான். சோறு குடுத்தனான். ஆனால் அழுதனான் எண்டதுக்காகத் தண்ணிப்பந்தலை விட்டுக்குடுக்கேலுமே?

ஓம், தண்ணிப்பந்தல். அம்மன் கோயில் தேருக்கு, எங்கடை மாமனார் காலந்தொட்டு, எங்கடை கிணத்துத் தண்ணிதான். தேர் இழுத்துக் களைச்சு வாற சனம் பந்தலிலை குடிச்சிட்டு, 'ஆற்றை தண்ணி?' எண்டு கேக்கும். 'தம்பிராசாவின்ரை' எண்டு சொல்லுவினம். எங்களுக்கு அதுதான் அண்ணை பரிவட்டம். இந்த மனிசன் கொழும்பிலையிருந்து வந்து, கை சும்மா கிடக்கேலாமல் ஒரு கிணறு வெட்டிப்போட்டு, கோயில் கூட்டத்திலை எழும்பிச் சொல்லுறார், தன்ரை தண்ணியும் நல்லதண்ணியாம், இந்தமுறை பந்தல் தனக்காம்! நான் போய் நாக்கிலை வைச்சுப் பாத்தனான். உவர். சும்மா மெல்லிய உவர், ஆனால் உவர் உவர்தானே.

குடிச்சிட்டியளோ? தாங்கோ... நிரம்ப ஊத்தினால்தான் வடிவு.

பேந்து என்ன, போட்டி. ரெண்டு பேரும் வேம்புக்குக் கீழை இருக்கிறது. அவரவர் கிணத்துத் தண்ணியை அவரவர் குடிக்கிறது. நல்லதண்ணி எண்டால் எவ்வளவும் இறங்கும், உவரெண்டால் தொண்டை மறிக்கும், என்ன? ஆர் முதல்லை பேணியைக் கவிட்டு வைக்கிறாரோ அவற்றை தண்ணி உவர். பந்தல் மற்றவருக்கு. ஆற்றை யோசினை எண்டு கேக்காதையுங்கோ. ஆரோ ஒரு மூளையுள்ள ஆள் சொன்னது.

எங்கடை மனிசன் குடிச்சார் பாருங்கோ! மணலிலை ஊத்தின மாதிரிப் போகுது. அந்தப் பக்கம் அரியநாயகத்தார் கண்ணை மூடிக்கொண்டு, கசாயம் குடிக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்திலை மனிசன் பேணியைக் கவிட்டு வைச்சிட்டு வேலிக்கு அங்காலை ஓடினார்! வெண்டது நாங்கள் அண்ணை. அதை வேலணையிலை போய்ச் சொல்லுங்கோ. ஒருத்தரும் அதைச் சொல்லுறேல்லை.

இல்லை, இல்லை, என்ன செய்யிறியள்? கவிட்டு வைக்காதையுங்கோ! ஐயோ, சம்பந்தம் பேச வந்தவர் எங்கடை பேணியைக் கவிட்டு வைச்சார் எண்டால் ஊர் என்ன சொல்லும்? எங்கடை தண்ணியைப் பழிச்ச மாதிரியெல்லோ? நிமித்தி வையுங்கோ... ம். ஊத்துறன்.

அதோடை நிப்பாட்டியிருக்கலாம். நானும் யோசிச்சனான். ஆனால் சனம் அப்பத்தானே கூடுது! மேற்குப் பக்கத்துச் சனம் முழுக்கப் பிந்தித்தான் வந்தது, அவை ஒண்டுமே பாக்கேல்லை. 'இன்னும் ஒண்டு, இவையும் பாக்கட்டும்' எண்டு ஆரோ ஊத்திச்சினம். பேந்தும் ஊத்திச்சினம். ஆரோ... சரி, என்ரை கைதான். வெண்ட கை சும்மா இருக்குமே?

அப்பத்தான் இவர் என்னைப் பாத்துச் சிரிச்சவர். அண்ணை, கலியாணம் கட்டின நாள் துவக்கம் அந்த மனிசன் என்னைப் பாத்துச் சிரிச்சதில்லை. பல்லுத் தேஞ்சுபோம் எண்டு பயமோ என்னவோ. அண்டைக்குச் சிரிச்சார். வடிவாச் சிரிச்சார்! அப்பவே எனக்கு விளங்கியிருக்கோணும். நான் விசரி, வெண்ட சந்தோசப் புளுகம் எண்டு நினைச்சன். கேட்டதுக்கெல்லாம் ஓம் எண்டார். இன்னும் குடிக்கிறியளோ? ஓம். தலையிடிக்குதோ? ஓம். குசினிக் கூரையை மேஞ்சு தாறியளோ? ஓம்! அஞ்சு வரியமாக் கேட்டு என்ரை நாக்குத் தேஞ்ச கூரை! பேந்து படலையடியிலை நிண்ட ஆட்டைப் பாத்து, 'வாங்கோ மச்சான், இருங்கோ' எண்டார். குடிச்ச தண்ணியெல்லாம் சத்தி எடுத்தார். பாக்கு மரம் சரிஞ்ச மாதிரி விழுந்தார்.

கட்டிலோடை தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு ஓடினது. கடல் முழுக்க என்ரை மடியிலை அவற்றை தலை. எனக்கு உயிரில்லை அண்ணை. அவற்றை தேப்பன், பெரியப்பு எல்லாரும் அந்தக் கடலிலை திரிஞ்ச ஆக்கள், ஒருத்தரும் தாழேல்லை. இந்த மனிசன் மூக்குப்பேணியிலை தாண்டுபோறாரே எண்டு கத்தி அழுதனான். வள்ளக்காரனும் அழுதான்.

பட்டினத்து ஆசுபத்திரியிலை டொக்டர் கேட்டார், என்னத்தைக் குடிச்சவர் எண்டு. தண்ணி எண்டன். 'எந்தத் தண்ணி அம்மா?' எண்டு அவற்றை வாயை மணந்து பாக்கிறார்! கோதாரி! பச்சைத் தண்ணி ஐயா எண்டு என்ரை தாலியிலை சத்தியம் பண்ணினனான். பிறகு அந்த டொக்டர்ப் பிள்ளை ஆறுதலாச் சொல்லிச்சுது, தண்ணியிலை ஒரு பிழையும் இல்லையாம். அளவிலைதான் பிழையாம். அவ்வளவு கெதியா அவ்வளவு தண்ணி உள்ளுக்கை போனால் ரத்தத்திலை இருக்கிற உப்புக் கரைஞ்சு குறைஞ்சுபோமாம். மூளை ஊதிப்போமாம். கரையிலை கதிரை போட்டு இருந்துகொண்டே ஆள் தாழலாமாம்! அதுக்கு என்ன மருந்து குடுத்தவை தெரியுமே? உப்பு! உப்புத்தண்ணியைப் போத்திலிலை கட்டித் தூக்கி, நரம்பாலை இறக்கினவை! உப்பில்லாத கிணறு எண்டு தலை நிமித்தித் திரிஞ்ச வீடு. நான் எந்த முகத்தோடை ஊருக்கு வாறது?

அரியநாயகத்தார் சந்தி சந்தியாச் சொல்லித் திரிஞ்சார், தம்பிராசாவைப் பிழைக்க வைச்சது உவர்த்தண்ணி எண்டு. அது கூடப் பரவாயில்லை. எங்கடை ஆள் இப்ப எங்கை எண்டு நினைக்கிறியள்? சம்பந்தம் பேச ஆள் வந்திருக்கு, அவர் எங்கை? வேலிக்கு அங்காலை! அரியநாயகத்தாற்றை கிணத்துத் தண்ணியிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறார்! எங்கடை தண்ணியெண்டால் வேலி பாய்ஞ்சிடுறார். இனிப்பான தண்ணியாம், ஆனால் ஊத்துற ஆளிலை பயமாம். கேட்டியளே கதையை!

இந்தாங்கோ, இதையும் குடியுங்கோ. நான் என்ன சொல்ல வாறன் எண்டால் அண்ணை, கிணறு கிணறுதான். பிழை கிணத்திலை இல்லை. நீங்கள் அங்கை போய் இந்த ஒரு சொல்லைச் சொன்னால் காணும், என்ரை பிள்ளை கரை சேந்திடும். வேறை ஒண்டும் கேக்கேல்லை.

என்ன, வேர்க்குது... தலையிடியோ? கடற்காத்து ஒத்துக்கொள்ளேல்லைப் போலை.

ஆ... சிரிக்கிறியள். வந்த நேரம் துவக்கம் சிரிக்காத மனிசன்... வடிவாச் சிரிக்கிறியள்...

அண்ணை?

கிணறு பிடிச்சிருக்கோ? ...ஓம். பிள்ளையைப் பிடிச்சிருக்கோ? ...ஓம். அண்ணை, அந்தா படலையடியிலை நிக்கிற ஆடு... உங்கடை மச்சானோ?

...ஓமோ!

ஐயோ! மீனலோசனி! உப்புப் போத்தில்! குசினி அலுமாரிக்கை, ஓடி வா! ரெண்டாங்குடமும் வெறுங்குடம்! நான் என்ன செய்யிறது, வெறும் பேணியைக் கண்டால் என்ரை கை நிக்காதெல்லோ... கொண்டு வந்திட்டியோ? போடு, போடு, நல்லாக் கரை. தேப்பனைக் கூப்பிடு, வள்ளக்காரனை மறிக்கச் சொல்லு, கட்டிலை வெளியிலை எடு...

பொறு. பொறு பிள்ளை. ஒரு நிமிசம் குடுக்காதை.

அண்ணை, இஞ்சை, என்ரை முகத்தைப் பாருங்கோ. கலியாணத்தை ஆவணியிலை வைப்பமோ?

...ஓம் எண்டார்! கேட்டியோ பிள்ளை? நீதான் சாட்சி.

சரி. இனிக் குடு.