பின் கதவின் பச்சை

— இது பச்சைக் கார் இல்ல டீச்சர்.

— என்ன மாஸ்டர் பேசறீங்க? நீங்கதானே போன் பண்ணினீங்க. பச்சைதான், கண்ணால பார்த்துட்டேன், சந்தேகமே வேண்டாம்னு.

— சொன்னேன். இல்லைங்கல. அவசரப்பட்டுட்டேன்.

— அதை நம்பி அம்மாகிட்ட சொல்லிட்டேனே. உன் பச்சைக் கார் கிடைச்சாச்சு, வா போகலாம்னு. காலையில எழுந்து, குளிச்சு, தலை வாரி, பையைத் தூக்கிட்டு எனக்கு முன்னாடி நடந்து வந்துட்டாங்க. உங்க முன்ரூம்ல அந்த பெஞ்சில உக்காந்திருக்காங்க பாருங்க.

— பார்த்தேன். பெயிண்ட் டப்பா ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துட்டிருக்காங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, காதுல விழப்போகுது.

— நான் இப்ப என்ன பண்றது, அதை முதல்ல சொல்லுங்க. அடுப்பைப் பத்த வெச்சுட்டு வீட்டைப் பூட்டிட்டுத் தெருவுல வந்து நிக்கறாங்க. இனிமே தனியா விட முடியாது. என்னோட கூட்டிட்டுப் போகணும். எந்த வண்டி வந்தாலும் ஏறமாட்டேங்கறாங்க. டாக்ஸி பார்த்தாச்சு. ஆம்புலன்ஸ் பார்த்தாச்சு, அந்த டிரைவர் கையைக் கடிச்சுட்டாங்க.

— கடிச்சாங்களா!

— சிரிக்காதீங்க. பச்சைக் கார் வரட்டும், வரேன். ஒரே பேச்சு, காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும். எங்க வீட்ல இருந்தது இந்த ஒரு கார்தான். எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா க்ரீம் கலர்தான். சரி, நான் பிறக்கறதுக்கு முன்னாடி பச்சையா இருந்திருக்கும், அப்பா பின்னாடி மாத்தி அடிச்சிருப்பார்னு நினைச்சேன். அப்பாவைக் கேக்கலாம்னா அவரும் இல்ல. அதனாலதான் கம்பெனியில அடிச்ச முதல் கலர் என்னன்னு பார்த்துச் சொல்லுங்கன்னு உங்ககிட்ட விட்டேன்.

— அதைத்தான் பார்த்தேன். இங்க வாங்க. முன்கண்ணாடி ரப்பரைத் தூக்கி வெச்சிருக்கேன். இதுக்கு அடியில வெயிலே பட்டிருக்காது. என்ன தெரியுது?

— க்ரீம்.

— டார்ச்சைப் பிடிங்க. குனிங்க. டேஷ்போர்டுக்குப் பின்னாடி அடிச்சுப் பாருங்க.

— க்ரீம். கொஞ்சம் மஞ்சளா இருக்கு.

— அந்த மஞ்சள்தான் நிஜம். வெளியில நாம பார்க்கறது வெயில்ல வெளுத்துப் போனது. டிக்கி விரிப்புக்குக் கீழ, பெட்ரோல் டேங்குக்கு மேல, எல்லா இடமும் தேய்ச்சுட்டேன். அடியில செந்தூர ப்ரைமர், அதுக்கு மேல கம்பெனி க்ரீம், அதுக்கு மேல பின்னாடி யாரோ அடிச்ச க்ரீம். நடுவுல ஒரு பொட்டு பச்சை கிடையாது.

— அப்ப அம்மா சொல்றது பொய்யா?

— நான் அப்படிச் சொல்லல. இந்தப் பக்கம் வாங்க. இடது பக்கப் பின் கதவு. இந்த வட்டத்தைப் பாருங்க. தண்ணி பேப்பர் போட்டுத் தேய்ச்சேன். தின்னர் தொட்டு ஈரம் பண்றேன், இப்ப பாருங்க.

— பச்சை.

— ம்.

— மாஸ்டர், இது பச்சைதானே! நல்ல பச்சை. பாசி மாதிரி. அப்புறம் ஏன் இல்லைங்கறீங்க?

— கதவு மட்டும்தான் பச்சை டீச்சர். நானே ஊர்ல எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவேன், கலர் பார்க்கறதுன்னா கதவுல கை வைக்காதேன்னு. கதவு கீல்ல நிக்குது. போல்ட்டைக் கழட்டினா கையோட வந்துடும், இன்னொரு வண்டிக்கு மாட்டிடலாம். மாறாதது உடம்பு மட்டும்தான். அப்படிப்பட்ட நானே முதல்ல கதவைத் தேய்ச்சேன். ஏன்னு கேளுங்க.

— ஏன்?

— இந்தப் பக்கம் நிழல் இருந்துச்சு. உக்காந்து தேய்க்க வசதியா இருந்துச்சு. வேற காரணமே கிடையாது. பச்சையைப் பார்த்ததும் உங்களுக்குப் போன் போட்டுட்டேன். அப்புறம்தான் மனசு கேக்காம மத்த இடத்தையும் தேய்ச்சேன்.

— அப்ப இந்தக் கதவு…

— இதே மாடல், வேற கார். பச்சைக் காரோட கதவு. கழட்டி இதுல மாட்டி, மேல க்ரீம் அடிச்சிருக்காங்க. இடிச்சுக் கிடிச்சு மாத்தினாங்களான்னு கதவு மாட்டற தூணைப் பார்த்தேன். ஒரு அடி, ஒரு நெளிசல் இல்ல. இந்த வண்டியோட சொந்தக் கதவு நல்லாத்தான் இருந்திருக்கும். அதைக் கழட்டிட்டு எதுக்கு ஒரு பழைய கதவை மாட்டணும்? அதான் எனக்கு விளங்கல.

— அந்தக் கதவு உள்ளேர்ந்து திறக்காது.

— உங்களுக்கு அது தெரியுமா?

— தெரியாம? என் இடம் அது. சின்ன வயசுலேர்ந்து அங்கதான் உக்காரணும். வலது பக்கம் உக்காந்தா அம்மா திட்டுவாங்க. இறங்கணும்னா அப்பா சுத்தி வந்து வெளியிலேர்ந்து திறந்து விடுவார். உள்ள கைப்பிடியே கிடையாது.

— கைப்பிடியைக் கழட்டி, பூட்டு நாக்கைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தாங்க. கம்பின்னா சும்மா இல்ல, கொறடு வெச்சு வெட்டவே என் கை வலிச்சுப் போச்சு.

— வெட்டிட்டீங்களா?

— புதுக் கைப்பிடியும் போட்டாச்சு. நல்லா திறக்குது, மூடுது. ஒரே ஒரு தொல்லை, நேத்து மதியம் விரியத் திறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தா சாத்தியிருக்கு. காத்துன்னு நினைச்சேன். ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள்ள என்ன காத்து வரப்போகுது, சொல்லுங்க.

— வண்டி சரிவுல நின்னிருக்கும்.

— நின்னிருக்கும். இன்னொண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒரே பொண்ணுதானே?

— ஆமா. ஏன்?

— பின்சீட்டுல அந்தப் பக்கம் மட்டும் ஸ்பிரிங் தரையைத் தொடுது. ரெண்டு பேர் ஒரே இடத்துல வருஷக்கணக்கா உக்காந்த மாதிரி.

— நான் என்ன அவ்வளவு குண்டா மாஸ்டர்?

— ஐயோ, அதுக்குத்தான் முன்னாடியே கோவிச்சுக்காதீங்கன்னேன்.

— எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் இருந்தான். நான் பார்த்ததில்ல. அம்மா வயித்துல நான் இருக்கறப்பவே போயிட்டான். காய்ச்சல்னு அப்பா சொல்வார். அதுக்கு மேல கேட்டா எழுந்து வெளிய போயிடுவார். வீட்ல ஒரு போட்டோ கூடக் கிடையாது.

— காய்ச்சலா?

— ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

— ஒண்ணுமில்ல. கம்பி போட்டுக் கட்டின கதவைப் பார்த்தேன். உங்களைப் பார்க்கல.

— யாருடி கதவைத் திறந்து வெச்சது?

— அம்மா! நீ ஏன் எழுந்து வந்தே? பார்த்து, கீழ ஒயரெல்லாம் கிடக்கு.

— அங்க ஒரு டப்பாவுலயும் அந்தப் பச்சை இல்ல. மூடியெல்லாம் பார்த்துட்டேன். தம்பி, நீங்கதானே பச்சைக் கார்னீங்க?

— ஆமாம்மா. அதாவது… டீச்சர், நீங்களே சொல்லுங்களேன்.

— அம்மா, இங்க பாரேன். இந்த வட்டம். இந்தப் பச்சைதானா நீ கேட்டது?

— விலகுடி. வெளிச்சத்தை மறைக்காதே.

— தொடாதீங்கம்மா, தின்னர் ஈரமா இருக்கு.

— இருக்கட்டும். இதோ. இதேதான். எங்க போயிருந்தே நீ, இத்தனை நாளா?

— யாரை அம்மா கேக்கறே?

— பாரேன், எவ்வளவு மேல பூசியிருக்காங்க. மூச்சு முட்டாதா?

— அம்மா, மத்ததெல்லாம் க்ரீம்தான். இந்தக் கதவு மட்டும்தான் பச்சை. இது எப்படி நம்ம கார்ல வந்துச்சு? உனக்கு நினைவிருக்கா?

— ஏன் இல்லாம? நான்தானே கேட்டேன். உங்கப்பா அந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டார். என்னை ஒரு வார்த்தை கேக்கல. உள்ள குழந்தை உக்காந்திருக்கான், அப்படியே தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டுட்டார்.

— உள்ள யார் உக்காந்திருந்தா?

— உன் அண்ணன்.

— அண்ணன் காய்ச்சல்லதானேம்மா…

— காய்ச்சலாம். அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னார், நானும் விட்டுட்டேன். வளைவுல திரும்பறப்ப கதவு திறந்துக்கிச்சு. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கறேன், கதவு மறுபடியும் சாத்திக்கிச்சு. அவன் பாட்டுக்கு சீட்ல உக்காந்திருக்கான். உங்கப்பா வண்டியை நிறுத்திட்டு ரோட்டுல பின்னாடி ஓடறார். யாரைத் தேடி ஓடறார்னு எனக்குப் புரியவே இல்ல.

— அம்மா…

— எதையோ தூக்கிட்டு வந்தார். அது அவன் உடம்புதான். நான் இல்லைங்கல. அதுக்கு எல்லாரும் வந்து அழுதாங்க. நானும் அழுதேன். ஆனா அவன் கார்லதானே இருந்தான்.

— டீச்சர், இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— எனக்கு ஒண்ணுமில்ல மாஸ்டர். சொல்லும்மா. அப்புறம்?

— அப்புறம் நீ வயித்துல. நாள் நெருங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு இந்த வெள்ளைக் காரைக் கொண்டு வந்து நிறுத்தினார்.

— க்ரீம் கலர்மா.

— ஏதோ ஒண்ணு. ஏறமாட்டேன்னுட்டேன். இதுல அவன் இல்லியேன்னேன். கெஞ்சினார், கத்தினார், பொட்டியைத் தூக்கி வீசினார். நான் வாசல்படியை விட்டு நகரல. அப்புறம் எங்கேயோ போனார். வர்றப்ப சட்டையெல்லாம் கிரீஸ். பாரேன், இந்தக் கதவைத் தேடிப் பிடிச்சு, தன் கையாலேயே மாட்டிக் கொண்டு வந்துட்டார். கார் முழுக்க வெள்ளை, ஒரு கதவு மட்டும் பச்சை. பார்க்கறவங்க சிரிச்சாங்க. எட்டிப் பார்த்தேன். அவன் உக்காந்திருந்தான். ஏறிட்டேன். அப்படிப் போய்த்தான் உன்னைப் பெத்தேன்.

— அதான் பின்னாடி க்ரீம் அடிச்சாங்களா, யாரும் சிரிக்கக் கூடாதுன்னு?

— அடிச்சா என்ன? உள்ள இருக்கறவன் இருக்கான். கம்பி மட்டும் கெட்டியாக் கட்டச் சொன்னேன், மறுபடியும் விழக் கூடாதே. தம்பி, கம்பி எங்க?

— அது வந்தும்மா…

— இது என்ன, புதுசாப் பளபளன்னு? கைப்பிடியா? கம்பியை எடுத்துட்டியா நீ?

— வேலைக்காக எடுத்தேம்மா. தெரியாம…

— திறந்தியா? கதவு திறந்தே கிடந்துச்சா? யாராவது இறங்கினாங்களா?

— அம்மா, கையை விடு. பாவம் அவர்.

— சொல்லு தம்பி. யாராவது இறங்கினாங்களா?

— இல்லம்மா. யாரும் இறங்கல. நான் டீ குடிக்கப் போனப்பக் கூட, கதவு அதுவே சாத்திக்கிச்சு.

— சாத்திக்குவான். நல்ல பிள்ளை. நான் சொல்லி வெச்சிருக்கேன்.

— கைப்பிடியைக் கழட்டிடறேம்மா. ஒரு நிமிஷம். பழைய கம்பி இங்கதான் எங்கேயோ கிடந்துச்சு. டீச்சர், அந்தக் கொறடை எடுங்க.

— மாஸ்டர், நீங்களும் இதை நம்பறீங்களா?

— நம்பறேனா இல்லையா, அது வேற. நீங்க வண்டியோட கிளம்பிடுவீங்க. யாராவது இறங்கி இங்கயே தங்கிட்டா, ராத்திரி இந்த ஷெட்டைப் பூட்டறவன் நான்தானே. கம்பியை இழுத்துப் பிடிங்க. அப்படித்தான்.

— இன்னொரு முறுக்கு போடு தம்பி.

— போட்டாச்சும்மா. யானை முட்டினாலும் திறக்காது. கலர் என்ன பண்ணட்டும்? கதவு மொத்தமும் இதே பச்சையில அடிச்சுத் தரவா?

— வேண்டாம். இந்த வட்டம் போதும். அவன் வெளிய பார்க்கறதுக்கு.

— முன்கண்ணாடி ரப்பரை மட்டும் திருப்பி அழுத்தி வெச்சுடறேன் டீச்சர். மெதுவா ஓட்டிட்டுப் போங்க. மத்த வேலையெல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கலாம்.

— அம்மா, முன்சீட்ல ஏறிக்கறியா?

— ஏறாம? இதுக்குத்தானே குளிச்சுட்டு வந்தேன். முந்தானை மாட்டிக்கப் போகுது, பார்த்துக் கதவைச் சாத்து. என்னடி முழிக்கறே? நீதானே ஓட்டப் போறே?

— நான்தான் ஓட்டறேன். பையை இப்படிக் கொடு, பின்னாடி வெச்சுடறேன்.

— அந்தப் பக்கம் வைக்காதே. வலது பக்கம் வை.

— சரி. வெச்சுட்டேன். கிளம்பலாமா?

— ம். கெட்டியாப் பிடிச்சுக்கோ. விட்டுடாதே.

— அம்மா, சின்ன வயசுலேர்ந்து வளைவு வந்தாலே இதைச் சொல்லுவே. எதைப் பிடிச்சுக்கறது? அங்க கைப்பிடியே இல்லாம நான் சீட்டுத் துணியைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன். இப்ப நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டிருக்கேன். நீ பின்னாடி திரும்பிச் சொல்றே.

— உனக்கா சொன்னேன்? அவனுக்குத்தான் சொல்லுவேன்.

— ஆனா அந்த இடத்துல இத்தனை வருஷமா உக்காந்து வந்தது நான்தானேம்மா?

— நீ எங்கடி சீட்ல உக்காந்தே? அவன் மடியிலதானே உக்காந்து வந்தே.